உடைசல் மூட்டை

குரு என்றதும் வெள்ளைத் தாடியும் சீடன் என்றதும் அரும்பு மீசையும் உங்கள் மனதில் வந்தால் இரண்டையும் சற்று ஒதுக்கிவைத்துவிடுங்கள். இந்தக் கதையில் குருவுக்கு நாற்பத்தொரு வயது, பெயர் மரகதவல்லி. சீடருக்கு ஐம்பத்திரண்டு, பெயர் தனிஸ்லாஸ். எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் இருபது வருடம் நின்றவர். முட்டி தேய்ந்துபோனதும் அவரைக் கடலோரத்தில் இருந்த கல் சோதனைக் கூடத்துக்கு மாற்றினார்கள். அங்கே மரகதவல்லிதான் தலைமை. வேலையை அவர்தான் சொல்லிக்கொடுத்தார். சீடர் குருவை மேடம் என்பார், குரு சீடரைச் சார் என்பார்.

வேலை இதுதான். எண்ணெயும் வாயுவும் பூமிக்கு அடியில் சும்மா கிடப்பதில்லை, எப்போதும் மேலே வரத்தான் பார்க்கும். வரவிடாமல் தடுப்பது அவற்றின் தலைமேல் படுத்திருக்கும் கெட்டியான களிப்பாறை. மூடிக்கல் என்பார்கள். அந்தக் கல்லை ஆழத்திலிருந்து நீளநீளமாகக் குடைந்தெடுத்து, மரப்பெட்டிகளில் அடுக்கிச் சோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். அதிலிருந்து கட்டைவிரல் பருமனுக்கு ஓர் உருளையை வெட்டியெடுத்தால் அதற்குப் பெயர் பிளக். பிளக்கை இயந்திரத்துக்குள் வைத்துப் பாதரசத்தால் அழுத்துவார்கள். எந்த அழுத்தத்தில் பாதரசம் உள்ளே நுழைகிறதோ, அதை வைத்துக் கல் எவ்வளவு வாயுவைத் தாங்கும் என்று சொல்லிவிடலாம்.

ஒன்றரை வருடத்துக்கு முன்பு ஒரு கம்பெனிக்கு ஓர் ஆசை வந்தது. வடகால்திடல் என்ற ஊருக்கு அடியில் எண்ணெய் எடுத்து முடித்து வெறுமையாகக் கிடந்த படுகைக்குள் வாயுவை அடைத்துச் சேமிக்கலாம் என்று நினைத்தது. மூடிக்கல் தாங்குமா என்று கேட்டு ஒன்பது மீட்டர் கல்லை அனுப்பியது. தனிஸ்லாஸ் பதினோரு பிளக் எடுத்துச் சோதித்தார். பதினொன்றும் தாங்கின. கார் டயருக்கு முப்பது அழுத்தம் போதும். இந்தக் கல் நாலாயிரம் கொடுத்தும் ஒரு துளியை உள்ளே விடவில்லை. தாங்கும் என்று எழுதித் தனிஸ்லாஸ் கையெழுத்துப் போட்டார். அதன் கீழே மரகதவல்லி போட்டார். கம்பெனி வாயுவை அடைக்கத் தொடங்கியது.

பங்குனி மாதம் ஒரு காலையில் வடகால்திடல் விவசாயி தங்கையன் மோட்டார் போடுவதற்காகத் தன் போர்செட் கொட்டகைக்குள் போனார். உள்ளே தேங்கியிருந்த வாயு வெடித்துக் கொட்டகையின் கூரை பக்கத்து வயலில் போய் விழுந்தது. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து தங்கையன் செத்துப்போனார்.

விசாரணைக் குழு போட்டார்கள். கம்பெனி சொன்னது எளிமையாக இருந்தது. மூடிக்கல் தாங்குகிறது. ஆகவே வாயு ஆழத்திலிருந்து வரவில்லை. ஆகவே அது பக்கத்துக் குளத்துச் சேற்றிலிருந்து வந்திருக்க வேண்டும். ஆகவே செத்தவர் கொட்டகைக்குள் பீடி பற்றவைத்திருக்க வேண்டும். இத்தனை ஆகவேக்களில் முதல் வரிக்கு மட்டும்தான் ஆதாரம் கேட்டார்கள். அதற்குத் தனிஸ்லாஸின் கையெழுத்து இருந்தது.

மிச்சமிருக்கும் கல்லை இன்னொரு முறை சோதித்து வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் முடிவு சொல்லும்படி குழு கேட்டது. அன்றோடு அறிக்கையை மூடுகிறார்கள்.

வியாழன் காலை பத்து மணிக்குத் தனிஸ்லாஸ் குருவின் அறைக்குள் வந்தார். கையில் ஒரு தாள் இருந்தது.

"புதுசா ஆறு பிளக் எடுத்தேன் மேடம். ஆறும் தாங்கிடுச்சு."

மரகதவல்லி தாளை வாங்கி ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்.

"சோதனை சரியாத்தான் இருக்கு சார்."

"அப்போ போன தடவை நான் பண்ணதும் சரிதானே?"

"அந்தச் சோதனையும் சரிதான்."

தனிஸ்லாஸ் போகவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

"நாலு மாசமா சோறு இறங்கலை மேடம். கோயில்ல பூசைக்குப் போனாலும் அந்தக் கொட்டகைதான் கண்ணு முன்னாடி வருது. பாவசங்கீர்த்தனம் பண்ணிடலாம்னு சாமியார் முன்னாடி முட்டி போட்டேன். என்ன பாவம்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியலை. எழுந்து வந்துட்டேன்."

குரு அவரைப் பார்த்தார்.

"நான் அந்த ஆளைக் கொன்னேனா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லிடுங்க."

"பெட்டிங்களைக் கொண்டுவாங்க சார்" என்றார் குரு. "ஒம்பதும்."

ஒரு மீட்டர் நீளப் பெட்டிகள். தனிஸ்லாஸ் தள்ளுவண்டியில் ஏற்றிவந்து மேசைமேல் வரிசையாக வைத்து மூடிகளைக் கழற்றினார். சாம்பல் நிறக் கல் துண்டுதுண்டாக அடுக்கியிருந்தது. நடுநடுவே பிளக் எடுத்த ஓட்டைகள். சில இடங்களில் கல்லே இல்லை. அங்கெல்லாம் அளவு பார்த்து வெட்டிய தெர்மோகோல் துண்டு வைத்திருந்தது. அதன்மேல் நீல மையில் 'உடைசல்' என்று தனிஸ்லாஸின் கையெழுத்து.

"இந்த இடத்துல இருந்த கல்லு எங்க?"

"அது நொறுங்கி வந்துச்சு மேடம். பிளக் எடுக்கப் போனா கையிலயே உதிர்ந்துடும்."

"எங்கன்னு கேட்டேன்."

"மூட்டையில."

"மூட்டை?"

தனிஸ்லாஸ் யோசித்தார். பிறகு வெளியே போனார். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் தேடினார், இல்லை. கிடங்கில் தேடினார், இல்லை. கடைசியில் வாசலில் கிடைத்தது. காற்றுக்கு இரும்புக் கேட் அடித்துக்கொள்கிறது என்று வாட்ச்மேன் அதைக் கேட்டுக்கு முட்டுக் கொடுத்திருந்தார். அவர்மேல் தப்பில்லை. தூக்கிப் போட்ட சாமான் ஒன்றை அந்த வளாகத்தில் அவர் ஒருவர்தான் உபயோகப்படுத்தியிருந்தார்.

முட்டி வலிக்க வலிக்கத் தனிஸ்லாஸ் மூட்டையை இழுத்துவந்து மேசையருகே போட்டார்.

"எடுத்த இடத்துல திரும்ப வைங்க" என்றார் குரு.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

கல் வெளியே வந்ததும் அதன் முதுகில் நீளவாக்கில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு கோடு இழுத்துவிடுவது ரிக்கில் வழக்கம். எது தலை எது கால் என்று பிறகு குழப்பம் வராது. உடைசலிலும் அந்தக் கோடுகள் துணுக்குத் துணுக்காக இருந்தன. கோட்டோடு கோடு சேர்த்து, ஆழம் எழுதிய துண்டுகளை முதலில் வைத்து, இடுக்குகளில் சின்னதைச் செருகி, தனிஸ்லாஸ் அடுக்கிக்கொண்டே போனார். வெளியே போட்ட தெர்மோகோல் துண்டுகள் காலடியில் குவிந்தன. குரு எதிரில் உட்கார்ந்து பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மணி அடித்தது, இரண்டு பேரும் சாப்பிடப் போகவில்லை.

ஒன்றேகாலுக்கு மூட்டை காலியானது. சீடர் டேப்பை எடுத்து அளந்தார்.

"எவ்வளவு?"

"மூணு மீட்டர் நாப்பது."

"ஒம்பதுல."

"ஆமா. ஒம்பதுல."

"அறிக்கையில இதைப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க?"

"குடையும்போது உடைந்ததுன்னு எழுதியிருக்கேன். ரிக்குல எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம். குடையுற பிட்டு சுத்துற சுத்துக்குக் கல்லு நொறுங்கத்தானே செய்யும்."

"பார்த்துத்தான் எழுதினீங்களா?"

குரு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து நீட்டினார்.

சீடர் ஒரு துண்டை எடுத்து உடைந்த முகத்தைத் திருப்பிப் பார்த்தார். அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். பிறகு இன்னொன்று. ஏழாவது துண்டில் அவர் கை மெதுவாக நின்றது.

"என்ன சார்?"

"புதுசா உடைஞ்சா முகம் சொரசொரன்னு இருக்கணும் மேடம்."

"இது?"

"வழவழன்னு இருக்கு. தேய்ச்சு விட்ட மாதிரி. மேல வெள்ளையா ஏதோ ஏடு படிஞ்சிருக்கு."

குரு அமிலக் குப்பியை நகர்த்திவைத்தார். தனிஸ்லாஸ் அந்த வெள்ளையின்மேல் ஒரு சொட்டு விட்டார். சுர்ரென்று நுரைத்தது. இன்னொரு துண்டில் விட்டார், அதுவும் நுரைத்தது. அந்த நுரைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுண்ணாம்பு கரைந்த தண்ணீர் விரிசலில் வெகுகாலம் ஓடினால்தான் அந்த ஏடு படியும். மனிதன் அங்கே கிணறு தோண்ட வருவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே அந்தக் கல்லில் வழி இருந்திருக்கிறது.

"பிட்டு உடைக்கலை மேடம்" என்றார். "இது ஏற்கெனவே உடைஞ்ச கல்லு."

"ம்."

"முன்ன பதினொன்னு, இப்ப ஆறு. பதினேழு பிளக். பதினேழும் தாங்குச்சு." கண்ணாடியை மேசைமேல் வைத்தார். "தாங்காத கல்லுல பிளக்கே எடுக்க முடியாது."

"முடியாது சார்."

இதைக் கேட்டுத் தனிஸ்லாஸுக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான். அதை ஏன் மறைக்க வேண்டும்?

"நீங்கதானே மேடம் சொல்லிக்கொடுத்தீங்க? நான் சேர்ந்த முதல் நாளே சொன்னீங்க. உடைஞ்சதோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்காதீங்க சார், மெஷின் அதை வாங்காதுன்னு."

"சொன்னேன்."

"ஏன் சொன்னீங்க?"

"எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க. நான் திருப்பிக் கேக்கலை."

"நான் கேட்டிருந்தா?"

பொய் சொல்லிவிடலாம், குருவுக்கு அந்த வசதி இருந்தது.

"கேட்டிருந்தா எனக்கு எரிச்சல் வந்திருக்கும்" என்றார்.

"பின்ன இன்னைக்கு மட்டும் எப்படி இந்த மூட்டை உங்க நினைப்புல வந்துச்சு?"

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் எனக்கும் வரலை சார்."

செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை, தனிஸ்லாஸும் அப்போது கேட்கவில்லை. மணி இரண்டு ஆகியிருந்தது. ஐந்துக்குள் எழுதி முடிக்க வேண்டும். சீடர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். ஒன்பது மீட்டரில் மூன்று மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் சோதிக்கப்படவில்லை. அந்தப் பகுதியில் இருப்பவை பழைய விரிசல்கள். குடையும்போது உடைந்தது என்று முன்பு எழுதியது தவறு. அந்தத் தவறு என்னுடையது. கையெழுத்துப் போட்டார்.

குரு தாளைத் தன் பக்கம் இழுத்து, 'என்னுடையது' என்பதை அடித்து 'எங்களுடையது' என்று திருத்திவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார்.

மூன்றரை மணிக்குக் குழுவின் செயலாளரைத் தொலைபேசியில் பிடித்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. ஓய்வுபெற்ற அதிகாரி, மரியாதையாகப் பேசுபவர், வந்த வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று நினைப்பவர். தனிஸ்லாஸ் சொன்னது முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"சரி, அந்த மூணு மீட்டர் நாப்பது எத்தனை அழுத்தம் தாங்குச்சு? அதைச் சொல்லுங்க, போட்டுக்கிறேன்."

"அதுக்கு எண் கிடையாது சார். அது உடைசல். மெஷின்ல வைக்க முடியாது."

"எண் இல்லாம அட்டவணையில என்னன்னு போடறது?"

"சோதிக்க முடியலைன்னு போடுங்க."

"சோதிக்காததை நாங்க எப்படி முடிவுல சேர்க்கிறது? நீங்களே சொல்லுங்க. நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"ஆனா அதுலதான் சார் விஷயமே இருக்கு."

"புரியுது. பின்னிணைப்பா அனுப்பிவிடுங்க. படிக்கிறவங்க படிச்சுக்குவாங்க. அந்த ஆறு பிளக் முடிவை மட்டும் அஞ்சு மணிக்குள்ள மறக்காம அனுப்பிடுங்க."

தனிஸ்லாஸ் ரிசீவரை வைத்தார். பின்னிணைப்பு என்றால் என்ன கதி என்று இருவருக்கும் தெரியும். அரசாங்கக் கட்டடங்களில் அதைப் படிப்பது கரையான் மட்டும்தான்.

மேசைமேல் ஒன்பது மீட்டர் கல்லும் முதல் தடவையாக முழுசாக இருந்தது. பிறகு தனிஸ்லாஸின் முகம் லேசாகத் தெளிந்தது.

"நம்ம தாள் போனா போவுது மேடம். தங்கையன் சம்சாரம் இருக்காங்களே, அஞ்சம்மாள். போர்த் தண்ணி சோடா மாதிரி பொங்குது, கிரசின் வாடை அடிக்குதுன்னு, வெடிக்கிறதுக்கு முன்னாடி இருபது நாளா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தாங்களாம். அவரு பீடி சிகரெட்டைத் தொட்டதே இல்லைன்னும் சொல்றாங்க. அதைவிட என்ன சாட்சி வேணும்?"

குரு குனிந்து தரையில் கிடந்த தெர்மோகோல் துண்டுகளைப் பொறுக்கினார்.

"செவ்வாய்க்கிழமை வடகால்திடல் பள்ளிக்கூடத்துல வச்சுச் சாட்சி எடுத்தாங்கல்ல? நம்ம கூடத்துச் சார்பா நீங்கதானே போயிருந்தீங்க? அஞ்சம்மாளும் வந்தாங்கல்ல?"

"வந்தாங்க சார்."

"என்ன சொன்னாங்க?"

மரகதவல்லி ஒரு கல் துண்டைக் கையில் எடுத்து, பார்க்காமலே திரும்ப அதன் இடத்தில் வைத்தார்.

"முதல்ல ஏழு பேரு. கிராம நிர்வாக அதிகாரி, தலைமையாசிரியர், லைன்மேன், டீக்கடைக்காரர், சொசைட்டி செயலாளர், கம்பெனி ஆளுங்க ரெண்டு பேரு. எல்லாரும் கேட்ட கேள்விக்கு நேரா, தெளிவாப் பதில் சொன்னாங்க. டைப் அடிக்கிற பொண்ணுக்கு ஒரு இடத்துல கூட நிறுத்த வேண்டி இருக்கலை. எட்டாவதா அஞ்சம்மாளைக் கூப்பிட்டாங்க."

"ம்."

"உங்க பேரு என்னம்மான்னாங்க. புருஷன் பேரைச் சொன்னாங்க. எத்தனை மணிக்கு நடந்துச்சுன்னாங்க. சாப்பிடாமப் போனாருன்னு சொன்னாங்க. தண்ணி எப்படி இருந்துச்சுன்னு கேட்டாங்க. அந்தத் தண்ணியிலதானே வடிச்சுப் போட்டேன்னு ஆரம்பிச்சாங்க. அதுக்கு மேல வார்த்தை வரலை. அப்படியே தரையில உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டாங்க. கத்துனது பக்கத்து வகுப்பு வரைக்கும் கேட்டுச்சு."

"அப்புறம்?"

"நிதானமாச் சொல்லும்மான்னு மூணு தடவை சொல்லிப் பார்த்தாங்க. அந்தப் பொண்ணு டைப் அடிக்கிறதை நிறுத்திட்டு இவங்க மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்துச்சு. அழுகை அடங்கட்டும், அப்புறம் கூப்பிட்டுக்கலாம்னு சொன்னாங்க."

"கூப்பிட்டாங்களா மேடம்?"

"குழுவோட வரைவு அறிக்கையில சாட்சி ஏழு பேருன்னு இருக்கு சார்."

தனிஸ்லாஸ் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"யாருமே ஒண்ணும் சொல்லலையா? அழறாங்கன்னு அந்தம்மாவை வெளிய அனுப்பிட்டாங்களே, எந்தப் படுபாவி மேடம் அனுப்பினது?"

குரு அவரை நேராகப் பார்த்தார்.

"தண்ணி குடுத்து ஓரமா உக்கார வைக்கலாம்னு, நான்தான் சார் கையைப் பிடிச்சு வெளியே கூட்டிக்கிட்டு வந்தேன்."